புதுப்பிப்பு: லேவியராகமத்தில் நின்றுபோன என் வாசிப்பு

பைபிளில் உள்ள லேவியராகமத்தின் 27 அதிகாரங்களைத் தாண்ட முடியாமல் வேத வாசிப்பையே விட்டுவிட்டதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பைபிளிலேயே பிரசங்கி என்ற புத்தகத்தைப் படித்துப் பார் என்றார் ஓர் அக்கா. 12 அதிகாரங்களும் முடிந்துவிட்டன அக்கா!

மூன்றாம் நாள் யாங்கோனில் விடிய விடிய மழை. அம்மா தெருமுனையில் மொஹிங்கா என்னும் பர்மிய நூடுல்ஸ் வாங்கி வந்தார். மீன் குழம்பில் வாழைத்தண்டு, மேலே நொறுக்கிப் போட்ட பருப்பு வடை. அது ஊறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கிண்ணத்தின் சூடு உள்ளங்கையில் இருக்கும்போதே 3ஆம் அதிகாரம், 13ஆம் வசனத்துக்கு வந்தேன். உண்டு குடித்து, உழைப்பின் பலனை அனுபவிப்பதும் தேவன் தருவது என்கிறது. எல்லாம் மாயை என்று மட்டுமே சொல்லும் புத்தகம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு முறை படி” என்றார்.