புதுப்பிப்பு: முதல் வரியை மாற்றிவிட்டேன்

என் மிகுபுனைவு நாவலைப் பதிப்பகத்துக்கு அனுப்பும் கடிதத்தில், 'பல இனப் பாத்திரங்கள் கொண்ட கதை' என்று தொடங்கலாமா எனச் சென்ற மாதம் கேட்டிருந்தேன். தொடங்கவில்லை. சிங்கப்பூரில் ஒரே வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் வாழ்வது நம் அன்றாடம். அது கதையின் வகை ஆகாது.

இப்போதைய முதல் வரி: "1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட சிங்கப்பூர்க் கல்லின் எழுத்துகளை, தேக்காவில் பூக்கட்டும் செல்வி வாசித்துவிடுகிறாள்." சிங்கப்பூர்க் கல் ஒரு பழங்காலக் கல்வெட்டு; இன்றுவரை எவரும் முழுமையாகப் படித்தறியாத எழுத்துகள் அவை! தேசிய அரும்பொருளகத்தில் எஞ்சிய துண்டின் முன் நின்றபோது கிடைத்த வரி இது. கடிதத்தில் அடுத்து நாவலின் வகை, சொல் எண்ணிக்கை.

தன்னைப் போன்றவர்களைக் கதையில் தேடும் வாசகருக்கு இனக் குறிப்பும் தேவை என்று ஒரு சகோதரி சொன்னது மனத்தில் தைத்தது. கடிதத்தின் கடைசியில் அதற்காக ஒரே வரி சேர்த்தேன்.

பதிப்பகத்தார் மூன்று அத்தியாயங்கள் கேட்டிருக்கிறார்கள்.