ஈயக்குண்டு சுருங்கிச் சுருங்கி வருகிறது, அச்சில் என்ன கோளாறு?

தூண்டில்காரன்:
வணக்கம். தூண்டிலுக்கு வேண்டிய ஈயக்குண்டை நானே வார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு அலுமினிய அச்சு வாங்கினேன். இரண்டு பாதி, கீல் வைத்த கைப்பிடி, ஒரு தடவை ஊற்றினால் மூன்று குண்டு. முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. இப்போது பாதிக்கு மேல் காய்ந்த திராட்சை மாதிரி சுருங்கி வருகிறது, கம்பி வளையம் நிற்கும் முனைக்கு ஈயம் போய்ச் சேருவதே இல்லை. போதாததற்கு, இரண்டு பாதியும் சேரும் இடத்தில் சுற்றிலும் பிளேடு மாதிரி பிசிறு. ஈயத்தை இன்னும் சூடாக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. அச்சைக் கத்தியால் சுரண்டினேன், பிசிறு கூடியதுதான் மிச்சம். வேலை முடிந்ததும் எண்ணெய் தடவித்தான் எடுத்து வைக்கிறேன், அதனால் பராமரிப்பில் குறை இருக்காது என்று நினைக்கிறேன். எங்கே தப்பு?

உலைக்களம்:
அந்த எண்ணெய்தான் முதல் தப்பு நண்பரே. இரும்பு அச்சுக்குத் துரு பிடிக்கும், அதற்கு எண்ணெய் வேண்டும். அலுமினியத்துக்கு எதற்கு? குழிக்குள் ஒட்டியிருக்கும் எண்ணெய் சூட்டில் ஆவியாகி ஈயத்தைச் சுவரில் ஒட்டவிடாமல் தள்ளும், அதுதான் சுருக்கமாகத் தெரிகிறது. சோப்பு, வெந்நீர், பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவிட்டு, அப்புறம்தான் அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, ஈயத்தின் சூட்டைப் பார்க்கிறீர்கள், அச்சின் சூட்டைப் பார்க்கவில்லை. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், 400 பக்கம் இருந்தால் ஊற்றப் போதும். அச்சு சில்லென்று இருந்தால் எவ்வளவு சூடாக ஊற்றினாலும் சுவரில் பட்ட உடனே உறைந்துவிடும், மெல்லிய முனைக்குப் போக அதற்கு நேரமே கிடைக்காது. ஊற்றுவதற்கு முன்பே அச்சைச் சூடுதட்டு (ஹாட்பிளேட்) மேல் வைத்துச் சூடேற்றுங்கள். முதலில் வரும் ஐந்தாறு குண்டுகளை எப்படியும் திரும்ப உருக்கத்தான் வேண்டும். அப்புறம் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் ஊற்றிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு குண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் அச்சு ஆறிவிடும். பளபளவென்று சுருங்கி வந்தால் சூடு குறைவு, பனி படர்ந்த மாதிரி வெளுத்து வந்தால் சூடு அதிகம்.

பழைய_அச்சு:
பிசிறைப் பற்றி நான் சொல்கிறேன். அச்சை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் எங்கேயோ ஒரு ஈயத்துணுக்கு மாட்டியிருக்கிறது. கடுகில் பாதி அளவு போதும், இரண்டு பாதியும் பொருந்தாது. பொருத்து ஆணி போய் உட்காரும் துளைக்குள்தான் பெரும்பாலும் இருக்கும், அங்கே யாரும் பார்ப்பதில்லை.

தயவுசெய்து கத்தியைக் கீழே வையுங்கள். அலுமினியம் மெத்தென்ற உலோகம், ஒவ்வொரு கீறலும் ஈயம் கசிய ஒரு வாய்க்கால். அச்சைச் சூடேற்றி, ஈயம் இளகியதும் தடித்த பருத்தித் துணியாலோ மூங்கில் குச்சியாலோ துடைத்தால் தானே வந்துவிடும். சேரும் முகத்தில் மயிரிழை மாதிரி ஓடும் கோடுகள் காற்று வெளியேறும் வழி, அவை அடைத்தாலும் முனை நிரம்பாது. குண்டு விழவில்லை என்றால் கைப்பிடியின் கீல் மேல் மரத்துண்டால் லேசாகத் தட்டுங்கள், அச்சின் மேல் ஒருபோதும் தட்டக்கூடாது.

தூண்டில்காரன்:
நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது, துளைக்குள் ஒரு துணுக்கு! இன்னும் இரண்டு சந்தேகம். அச்சு அதிகம் சூடானால் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பேன், அது சரியா? ஈயத்துக்குக் கார் சக்கரத்தைச் சமன்செய்ய விளிம்பில் மாட்டும் சிறு எடையும் பழைய பேட்டரித் தகடும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

உலைக்களம்:
ஈரத்துணியை உடனே நிறுத்துங்கள். குழியில் ஒரு துளி நீர் இருந்து அதன் மேல் ஈயம் விழுந்தால் நீர் ஒரே நொடியில் ஆயிரம் மடங்குக்கு மேல் ஆவியாக விரியும், உருகிய ஈயம் முகத்துக்குத்தான் தெறிக்கும். ஒரு நிமிடம் திறந்து வைத்தால் தானே ஆறும். வளையக் கம்பியும் காய்ந்திருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கை சட்டை இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது.

பேட்டரித் தகடு வேண்டவே வேண்டாம். அமிலம் ஒருபுறம், அதில் கலந்திருக்கும் ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் உருக்கும்போது மேலே ஒதுங்கும் கசடில் ஈரம் பட்டால் கொடிய வாயுவாகக் கிளம்பக்கூடும். சக்கர எடை பரவாயில்லை, ஆனால் துத்தநாக எடைகளைப் பிரித்துவிடுங்கள். கட்டிங் பிளையரால் கடித்தால் ஈயத்தில் பல் இறங்கும், துத்தநாகத்தில் இறங்காது. தப்பித்தவறி ஒன்று விழுந்தாலும், துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும், சூட்டை அதற்குக் கீழே வைத்தால் உருகாமல் மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம்.

பழைய_அச்சு:
ஒன்று விட்டுப்போனது. புகையை விட கசடுத்தூள்தான் உடம்புக்குள் போகும். திறந்த வெளியில் வேலை, கசடுக்கு மூடி போட்ட டப்பா, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரண்டு மடங்கு கவனம்.

தூண்டில்காரன்:
நேற்று வார்த்தேன். முதல் ஆறு வீண், அதற்கப்புறம் 40 குண்டு, வளையத்தின் கழுத்து வரை முழுசாக நிரம்பி வந்தது. மூன்றாவது குழியில் மட்டும் இன்னும் ஒரு மெல்லிய பிசிறு, நான் கத்தி போட்ட கீறல் சரியாக அங்கேதான் ஓடுகிறது. அரம் போட்டால் தூள் பறக்கும் என்பதால் கையுறையோடு பேனாக்கத்தியால் சீவி, சீவலை உருக்கும் சட்டியிலேயே போட்டுவிடுகிறேன்.