புதுப்பிப்பு: மார்த்தாண்டம் கடைக்கு ஆள் எடுத்தது

எங்கள் ஜவுளிக்கடையில் சேர்ந்த ஆறு பேரில் நான்கு பேர் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டார்கள், ஆள் எடுக்கும் முறையை எப்படி மாற்றலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நேர்காணலைச் சுருக்கிவிட்டேன். எல்லோருக்கும் ஒரே ஐந்து கேள்விகள், அப்புறம் அரை நாள் கடையில் வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு. இதில்தான் ஆள் தெரிந்தது. நேர்காணலில் வெளுத்து வாங்கிய ஒருவர், பாறசாலையிலிருந்து வந்த அம்மா பத்துப் புடவையை விரித்துப் பார்த்ததும் முகம் சுளித்துவிட்டார். வாய் திறக்கவே தயங்கிய ஒரு பெண்ணோ, விரித்ததை மடித்துக்கொண்டே மலையாளத்தில் பேச்சுக் கொடுத்து, பதினொன்றாவதை எடுத்துக் காட்டினார். அவரைத்தான் எடுத்தோம்.

நின்றுபோனவர்களையும் போனில் கேட்டேன். சம்பளத்தைவிடக் கால்வலியும் கடைசி பஸ்ஸும்தான் காரணம். ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நாங்கள் செய்யாமல் விட்டது தப்புதான். இப்போது ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஸ்டூல் இருக்கிறது. குளச்சல் பக்கம் போகிறவர்களுக்கு எட்டு மணிக்கே ஷிப்ட் முடிகிறது. ஓணம், கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு வேண்டிய ஆட்களை, எத்தனை நாள் வேலை என்று முதலிலேயே சொல்லித் தனியாக எடுக்கப் போகிறோம்.