சபை மாறிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

தாமிரபரணி:
பாளையங்கோட்டைப் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம் நாங்கள். சென்னைக்கு வந்ததும் வீட்டருகே இருந்த பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்தோம். ஆராதனை பிடித்திருந்தது, ஜெபிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஏழாவது மாதம் தண்ணீரில் முழுகி எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னார்கள். சரி என்றோம். அந்தச் சபையில் நகை போடுவதில்லை. அதற்கு முந்தின நாள் பாஸ்டர் வீட்டில் என் மனைவி கம்மலைக் கழற்ற உட்கார்ந்தாள். இடது காதுத் திருகு இறுகிப்போய், சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் வந்தது. அவள் அம்மா கடைசியாகக் கொடுத்த கம்மல் அது. யாரும் வற்புறுத்தவில்லை, "கர்த்தர் உணர்த்துவார்" என்றார்கள், அவ்வளவுதான். கைக்குட்டையில் முடிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானஸ்நானம் எடுக்காமலே நின்றுவிட்டோம், ஆனால் அந்த நிமிஷம் நான் வாய் திறக்காதது இன்னும் உறுத்துகிறது.

வெள்ளைச்சேலை மகள்:
அண்ணன், கம்மலைக் கழற்றுவதை இப்படிச் சோகமாக எழுதாதீர்கள். என் அம்மா, நகை அலங்காரம் வேண்டாம் என்கிற 1 பேதுரு 3-ஐ வாசித்துத் தானாகவே கழற்றினார், சந்தோஷமாக. எனக்கு உறுத்துவது வேறு. அவர் இறந்தபோது, அவர் விட்டுவந்த பழைய சபையில் பதினோரு வருஷச் சங்கக் காணிக்கை (உறுப்பினர் சந்தா) பாக்கி என்று கல்லறைத் தோட்டத்தின் கேட்டைத் திறக்கவில்லை. பெட்டியை வண்டியிலேயே வைத்துக்கொண்டு வெயிலில் நின்றோம். தம்பி கடன் வாங்கிக் கட்டிய பிறகு சாவி வந்தது. அப்பாவின் குழி உள்ளேதான் இருந்தது.

ஜெபமாலை:
நான் ஆர்சி (ரோமன் கத்தோலிக்கம்), கட்டிக்கொடுத்தது சிஎஸ்ஐயில். முதல் திருவிருந்தில் முழங்கால் போட்டிருந்தேன், ஐயர் (சபைப் போதகர்) ரசப் பாத்திரத்தை உதட்டருகே கொண்டுவந்தார். எங்கள் ஆர்சி கோயிலில் அப்பம் மட்டும்தான் வாங்கிப் பழக்கம். கை நடுங்கி திராட்சை ரசம் சேலையில் சிந்தியது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் துடைத்துவிட்டார்.

வெள்ளைச்சேலை தங்கச்சி, அதே வசனத்தில் மயிர் பின்னுவதும் இருக்கிறது. சடையை விட்டுவிட்டு நகையை மட்டும் ஏன் பிடிக்கிறோம்? தாமிரபரணி அண்ணன், இனி எந்தச் சபைக்குப் போனாலும் நீங்கள் குழந்தையாக இருந்தபோது எடுத்த ஞானஸ்நானத்தை ஏற்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். சிஎஸ்ஐ, லுத்தரன், ஆர்சி மூன்றுமே பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுத்ததைத் திரும்பக் கொடுப்பதில்லை. கன்வென்ஷன் என்கிற பெரிய கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சாதாரண ஞாயிறுகளில் போய் உட்காருங்கள். காணிக்கைக் கணக்கைச் சபையாரிடம் வாசிக்கிறார்களா, அடக்கம் எங்கே செய்கிறார்கள், இதையும் கேளுங்கள். சிஎஸ்ஐ என்றால் எல்லாம் ஒரே மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து 1947 செப்டம்பர் 27-ல் உருவானது அது. ஒரு கோயிலில் அச்சடித்த ஆராதனை முறை வரிக்கு வரி நடக்கும், இன்னொன்றில் ஐயர் சொந்தமாக ஜெபிப்பார். இரண்டு மூன்று கோயில் பாருங்கள். மனைவிக்கு எங்கே அழுகை வருகிறதோ, அங்கே சேருங்கள்.

தாமிரபரணி:
நன்றி அக்கா. இப்போது ஒரு சிஎஸ்ஐ கோயிலுக்குத்தான் போகிறோம், பாமாலைப் பாட்டுகள் பாடும்போது அவள் குரல் எனக்குக் கேட்கிறது. கம்மலை இன்னும் போடவில்லை. பீரோவில், அதே கைக்குட்டையில் இருக்கிறது.