ஆயில் மாற்றிய மறுநாளிலிருந்து நியூட்ரல் விழவில்லை

நான் (காலை 7:40): சென்ற ஞாயிற்றுக்கிழமை நானே பைக்குக்கு ஆயில் மாற்றினேன் என்று இந்தக் குழுவில் படமெல்லாம் போட்டிருந்தேன் அல்லவா, அந்தப் பெருமை ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாளிலிருந்து சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழுவதே இல்லை. முதல் கியரிலிருந்து லேசாகத் தூக்கினால் இரண்டுக்குப் போய்விடுகிறது, இரண்டிலிருந்து லேசாக மிதித்தால் ஒன்றுக்கு இறங்கிவிடுகிறது. காலையில் முதல் கியர் போட்டால் ‘டங்’ என்ற சத்தத்தோடு வண்டி ஒரு சாண் முன்னால் குதிக்கிறது.

மாமா (காலை 7:52): கியர்பாக்ஸில்தான் ஏதோ கோளாறு. எதற்கும் முதலில் ஆயிலை மாற்றிப் பார். என் காருக்கு வாங்கிய விலையுயர்ந்த சிந்தெடிக் ஆயில் ஒரு லிட்டருக்கு மேல் மீதம் இருக்கிறது, மாலையில் வந்து எடுத்துக்கொள்.

சித்தப்பா (காலை 8:05): மச்சான், அந்த டின்னைத் தயவுசெய்து மூடியே வையுங்கள். காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறோர் ஆயில், கிளட்ச் பெரும்பாலும் ஆயிலே படாமல் உலர்ந்திருக்கும். பைக்கில் அப்படியில்லை; எஞ்சின், கியர்கள், கிளட்ச் தட்டுகள் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். கிளட்ச் வேலை செய்வதோ உராய்வை நம்பித்தான். அதை ஊற்றினால் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறும், வண்டி வேகமெடுக்காது.

மாமா (காலை 8:09): அப்படியானால் பைக்குக்கு ஏற்ற ஆயில் எது என்று டின்னைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

சித்தப்பா (காலை 8:20): டின்னின் பின்புறத்தில் ‘ஜாசோ’ என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். ஜப்பானியர்கள் 1998-இல் நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயில்களுக்கென்று கொண்டுவந்த தரம் அது. ‘எம்.ஏ.’ என்றிருந்தால் ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது. 2006-இல் அதையே எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரித்தார்கள், இவற்றில் எம்.ஏ.2-தான் கிளட்சுக்குக் கூடுதல் பிடிப்புத் தருவது. ‘எம்.பி.’ என்றிருந்தால் உராய்வு குறைந்த ஆயில், கியர் வைத்த பைக்குக்கு அதை ஊற்றக் கூடாது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பந்தய வண்டிப் படத்தையும் வீர வசனத்தையும் நான் படிப்பதே இல்லை.

அக்கா (காலை 8:24): என்னுடைய ஸ்கூட்டர் டின்னில் எம்.பி. என்றுதான் போட்டிருக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா, சித்தப்பா?

சித்தப்பா (காலை 8:26): இல்லையம்மா, உனக்கு அதுதான் சரி. கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் உலர்ந்த நிலையில் தனியாக இருக்கிறது, எஞ்சின் ஆயில் அதைத் தொடுவதில்லை. தம்பி, இப்போது உன் வண்டிக்கு வருவோம். எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் லேசாக உருட்டிக்கொண்டே நியூட்ரல் விழுகிறதா என்று பார்த்துச் சொல். உருட்ட மறந்துவிடாதே, கியர்களின் பக்கவாட்டில் உள்ள பற்கள் எதிரெதிர் பள்ளங்களுக்கு நேராக வந்தால்தான் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும், விலகும்.

நான் (காலை 8:45): ஆச்சரியமாக இருக்கிறது. எஞ்சின் அணைந்திருந்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நியூட்ரல் விழுகிறது. எஞ்சினைக் கிளப்பினால் மறுபடியும் அதே பிடிவாதம்.

சித்தப்பா (காலை 8:58): நல்ல செய்தி. அணைந்திருக்கும்போதும் விழாமல் இருந்திருந்தால் கியர்களை நகர்த்தும் ஃபோர்க், அதைத் திருப்பும் உருளை, கால் லிவரின் இணைப்பு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு எஞ்சினையே பிரிக்க வேண்டியிருந்திருக்கும். ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால், நீ கையால் கிளட்ச் லிவரை முழுவதும் பிடித்த பிறகும் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று விடாமல் எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகின்றன என்று பொருள். கிளட்ச் இழுக்கிறது என்று சொல்வது இதைத்தான். லிவர் நுனியில் எத்தனை மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து சொல்.

நான் (காலை 9:10): 12 மில்லிமீட்டர் இருக்கிறது. கையேட்டில் 10 முதல் 20 வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறது.

சித்தப்பா (காலை 9:13): அப்படியானால் லிவரிலிருந்து கிளட்சுக்குப் போகும் கேபிள் நிரபராதி. எந்த ஆயிலை, எவ்வளவு ஊற்றினாய்?

நான் (காலை 9:20): கையேட்டில் 10டபிள்யூ-30 என்ற மெல்லிய ரகம்தான் இருந்தது. ஆனால் கனமான ஆயில் எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்று ஒரு நண்பன் சொன்னதால் 20டபிள்யூ-50 வாங்கினேன், எம்.ஏ.2 தரம்தான். அளவு 1100 மில்லி, கையேட்டைப் பார்த்துத்தான் ஊற்றினேன்.

சித்தப்பா (காலை 9:22): அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு.

சித்தப்பா (காலை 9:31): தம்பி, மூன்று வரிகள் இருக்கின்றன, நீ மூன்றாவது வரியைப் படித்திருக்கிறாய். ஆயிலை மட்டும் மாற்றினால் 900 மில்லி, ஃபில்டரையும் சேர்த்து மாற்றினால் 950. எஞ்சினை முழுவதும் பிரித்துப் பூட்டும்போது எல்லாப் பாகங்களும் காய்ந்திருக்கும் என்பதால் அதற்குத்தான் 1100. நீ வடித்தபோது உள்ளே ஒட்டிக்கொண்டு நின்ற பழைய ஆயில் வெளியே வந்திருக்காது, அதற்கு மேல் இதை ஊற்றியிருக்கிறாய். ஆயில் அளவுக்கு மீறினால் கிளட்ச் அதற்குள் மூழ்கிச் சுழலும், தட்டுகள் பிரிய முடியாமல் இழுபடும்.

நான் (காலை 9:34): ஃபில்டரை மாற்றவில்லை, சித்தப்பா. அப்படியானால் 200 மில்லி அதிகம். ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கீழே தொங்கும் சிறிய குழாயில் நேற்று ஆயில் தேங்கியிருந்ததைப் பார்த்தேன், அதிகமான ஆயில்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று இப்போது விளங்குகிறது.

மாமா (காலை 9:40): கனமான ஆயில் நல்லது என்றுதானே நாங்களும் காலங்காலமாகக் கேட்டு வளர்ந்தோம்?

சித்தப்பா (காலை 9:55): வண்டியைப் பொறுத்தது, மச்சான். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர்ந்த எஞ்சினில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது, பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. அந்தச் சூட்டில் 30 என்ற தரம் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை, 50 என்ற தரம் 16.3 முதல் 21.9 வரை. பழைய காற்றுக் குளிர்ச்சி எஞ்சின்கள் பலவற்றுக்கு 20டபிள்யூ-50-ஐத் தயாரிப்பாளரே சொல்லியிருப்பார், அங்கே அது சரி. இவன் வண்டியில் எஞ்சின் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகள் மெல்லிய ஆயிலுக்கென்று வைக்கப்பட்டவை. இரவு முழுவதும் நின்று குளிர்ந்த கெட்டி ஆயில், தட்டுகளைப் பசைபோல் ஒட்டி வைத்துவிடுகிறது. காலையில் வரும் அந்த ‘டங்’ அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நான் (காலை 9:58): அப்படியானால் இன்றே முழுவதும் வடித்துவிட்டு 10டபிள்யூ-30 ஊற்றிவிடவா?

சித்தப்பா (காலை 10:02): அவசரப்படாதே. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எந்தத் தொல்லையைக் கொடுத்தது என்று கடைசி வரை தெரியாது. முதலில் அதிகமான 200 மில்லியை மட்டும் எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார். அளவு பார்க்கும்போது எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அணைத்து, மூன்று நிமிடம் பொறுத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும். பக்க ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்க்கும் அளவு பொய் சொல்லும்.

நான் (மறுநாள் காலை 8:15): ஊசி நீக்கிய சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி, ஊற்றும் துளை வழியாக உறிஞ்சி எடுத்தேன். மட்டம் இப்போது மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. நேற்று மாலை எல்லாச் சிக்னலிலும் முதல் முயற்சியிலேயே நியூட்ரல் விழுந்தது. ஆனால் இன்று காலை முதல் கியரில் அந்த ‘டங்’ அப்படியே இருக்கிறது, வண்டி குதிப்பது மட்டும் குறைந்திருக்கிறது.

சித்தப்பா (மறுநாள் காலை 8:19): எதிர்பார்த்ததுதான். சிக்னல் தொல்லைக்குக் காரணம் அளவு, காலைத் தொல்லைக்குக் காரணம் கனம். இனி மாற்றலாம்: 10டபிள்யூ-30, எம்.ஏ.2, 900 மில்லி, வடிக்கும் போல்ட்டுக்குப் புதிய வாஷர். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் பழைய ஆயில் சேகரிக்கும் பணிமனையில் கொடுத்துவிடு. புதிய ஆயிலிலும் முதல் கியர் ஒரு சிறிய ‘டக்’ சொல்லும், அது பற்கள் கோத்துக்கொள்ளும் இயல்பான சத்தம். அதற்காக மறுபடியும் என்னை எழுப்பாதே.

நான் (மறுநாள் மாலை 6:30): மாற்றிவிட்டேன், சித்தப்பா. இந்த முறை 900 மில்லியை இரண்டு தடவை அளந்தேன்.

அம்மா (மறுநாள் மாலை 6:34): எதில் அளந்தாய் என்பதையும் குழுவில் சொல். சமையலறையில் இருந்த அளவுக் குவளையை நான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.