பைசாந்திய முறையில் ஈஜியன் கடல்: முட்டை டெம்பராவில் நீலம் பொடியாகிறது, தங்கம் உரிகிறது

கேள்வி: அலைவரி

வணக்கம். கிரேக்கத் தீவுகளையும் கடலையும் பைசாந்தியத் திருவுருவப் பட முறையில் (பழைய கிழக்குக் கிறிஸ்தவ ஆலயப் படங்களின் முறை) வரைகிற ஓவியர்களைப் பார்த்து, அதே வழியில் ஒரு படம் திட்டமிட்டிருக்கிறேன். 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள பிர்ச் ப்ளைவுட். மேல்பாதி தங்கம், கீழ்ப்பாதி கடல், நடுவே ஒரு படகு. அதற்கு முன் சிறிய சோதனைப் பலகை ஒன்றைச் செய்ததில் இவை தெரிகின்றன:

அல்ட்ராமரின் நீலம் பூசிய இடத்தில் ஒரு வாரம் கழித்தும் விரலில் நீலம் ஒட்டுகிறது. அதே பலகையில் காவி நிறம் உறுதியாக இருக்கிறது. பெரிய நீலப் பரப்பு திட்டுத்திட்டாக வருகிறது, மேலே மறுபடி பூசினால் கீழே இருப்பதும் கிளம்பி வருகிறது. தங்க ரேக்கு ஓரங்களில் உரிகிறது.

பயன்படுத்தியவை: அடித்தளப் பூச்சுக்குக் கடையில் வாங்கிய அக்ரிலிக் கெஸ்ஸோ, நிறமியைக் குழைக்க மஞ்சள் கரு + வினிகர் (முட்டை டெம்பரா), தங்கம் ஒட்ட மூன்று மணி நேர மிக்‌ஷன் என்கிற எண்ணெய்ப் பசை. ஊர் கடலோரம், ஈரப்பதம் அதிகம். யாருடைய படங்களைப் பார்த்துப் படிக்கலாம் என்பதையும் சொன்னால் நல்லது.

பதில் 1: சுண்ணமும்_பசையும்

நீலத்துக்குப் போகுமுன் தளத்தை மாற்றுங்கள். டப்பாவில் வருகிற அக்ரிலிக் கெஸ்ஸோ அக்ரிலிக்குக்கும் எண்ணெய்க்கும் ஆனது. அது ஒரு பிளாஸ்டிக் படலம், போதுமான அளவு உறிஞ்சாது. முட்டை டெம்பரா தளத்துக்குள் கொஞ்சம் இறங்கிப் பிடிக்க வேண்டும், அக்ரிலிக்கில் அது மேலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டாவது பூச்சில் கீழ்ப்பூச்சு கிளம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

உங்கள் அளவுப் பலகைக்கு: முயல்தோல் பசை 28 கிராம், தண்ணீர் 400 மி.லி. இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். 60 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள், கொதித்தால் பசையின் பிடிப்புப் போய்விடும். முதல் பூச்சு வெறும் பசை. அது காய்ந்ததும் பழைய மெல்லிய பருத்தித் துணியையோ லினனையோ பசையில் நனைத்து, சுருக்கமில்லாமல் ஒட்டி ஒரு நாள் காய விடுங்கள்.

பிறகு மக்கு, அதாவது சுண்ணக் கெஸ்ஸோ. ஒரு பங்கு பசைநீருக்கு ஒன்றரைப் பங்கு சுண்ணப்பொடி, எடையில் அல்ல, கொள்ளளவில். பொடியைச் சல்லடையில் சலித்துத் தூவி, தானாக அமிழ விட்டு, பிறகு மெதுவாகக் கிளறுங்கள். முட்டை அடிப்பதுபோல் அடித்தால் காற்றுக் குமிழி சேரும், அது காய்ந்தபின் ஊசித்துளைகளாக நிற்கும், தங்கத்தின் கீழே ஒவ்வொன்றும் தெரியும். முதல் பூச்சை விரலால் துணிக்குள் தேய்த்து ஏற்றுங்கள். அடுத்து எட்டிலிருந்து பத்துப் பூச்சு, ஒன்றுக்கொன்று குறுக்குத் திசையில். ஈர மினுமினுப்பு போய் மங்கலானதும் அடுத்த பூச்சு. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பது நல்லது.

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். நாள் முழுக்க மக்கு வெந்நீரில் இருக்கும்போது தண்ணீர் ஆவியாகிப் பசை கெட்டியாகிக்கொண்டே போகும். கடைசிப் பூச்சுகள் கீழே இருப்பவற்றைவிட வலுவாகிவிடும். வலுவான மேல்பூச்சு காயும்போது சுருங்கி இழுக்கும், வெடிப்பு விழும். அதனால் மூன்று நான்கு பூச்சுக்கு ஒருமுறை ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்றிலோ வெயிலிலோ காய வைக்க வேண்டாம். பின்புறத்துக்கும் பசையும் இரண்டு பூச்சு மக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் பலகை ஒரு பக்கமாக வளையும்.

காய்ந்ததும் 220 உப்புத்தாள், பிறகு 400. ஓரங்களை அழுத்தித் தேய்க்காதீர்கள், அங்கே மக்கு மெலிந்துவிடும். ப்ளைவுட்டுக்குப் பதில் மரம் எடுத்தால் தேக்கு வேண்டாம். அதிலுள்ள எண்ணெய் பசையைத் தள்ளும்.

பதில் 2: கரு_வினிகர்

தளம் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் காவி பிடித்து அல்ட்ராமரின் மட்டும் பொடியாவதற்குத் தளம் மட்டும் காரணமாகாது. எல்லா நிறமிக்கும் ஒரே அளவு கரு போதாது. காவி மண்ணுக்குப் போதுமானது அல்ட்ராமரினுக்குப் போதாமல் போகும்.

கருவைப் பிரிக்கும் முறை: மஞ்சள் கருவை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி, இடையிடையே கையைத் துடைத்து, வெள்ளைக் கருவை முழுக்க நீக்குங்கள். டிஷ்யூ தாளில் ஒருமுறை உருட்டி, தோலை இரு விரலால் தூக்கிப் பிடித்து, அடியில் ஊசியால் குத்தி உள்ளே இருப்பதைக் குப்பியில் வடியுங்கள். தோல் கையோடு நிற்க வேண்டும். அது கலவையில் விழுந்தால் நார்நாராகத் தூரிகையில் வரும். கருவுக்குச் சம அளவு தண்ணீர். நிறமியைத் தனியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கண்ணாடித் தட்டின் மேல் பசைபோல் அரைத்து வைத்து, வரையும்போது மட்டும் ஏறக்குறையச் சம பங்கு கருக்கலவை சேர்க்க வேண்டும்.

அளவு சரியா என்று பார்க்க ஒரே நம்பகமான சோதனை உண்டு. கலந்த நிறத்தைக் கண்ணாடித் துண்டில் ஒரு கோடு இழுத்து, காய்ந்ததும் பிளேடால் சுரண்டுங்கள். சுருள் சுருளாக, தோல்போல் உரிந்து வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் கரு குறைவு. கண்ணாடியில் எண்ணெய்போல் மினுங்கி, நாளானால் நுண்வெடிப்பு விட்டால் கரு அதிகம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

அடுத்தது வினிகர். அல்ட்ராமரின் அமிலத்தைத் தாங்காத நிறமி, அமிலம் பட்டால் நிறம் வெளுக்கும். கருக்கலவைக்கு இரண்டு துளி வினிகர் விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பாதிக்குப் பாதி வினிகர் என்று சில குறிப்புகளில் இருக்கிறது, அதை இந்த நீலத்தோடு சேர்க்க வேண்டாம். வெறும் தண்ணீரில் கலந்து, குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். வினிகர் கெடாமல் இருக்கத்தானே, புது முட்டை அதைவிட மலிவு.

திட்டுத்திட்டு: டெம்பரா சில நொடியில் காயும், எண்ணெய் வண்ணம்போல் இழைத்துக் கலக்க முடியாது. தண்ணீர்போல் நீர்த்த நிறத்தில், 4 அல்லது 6 எண் தூரிகையைத் தோய்த்துப் பிழிந்து, ஒரு அடுக்கு இடவலமாக, அடுத்தது மேல்கீழாக. பத்து அடுக்கு போனாலும் கவலையில்லை. ஒரே இடத்தில் ஈரத் தூரிகையை இரண்டாம் முறை இழுக்கக் கூடாது. அடுக்கு எழும்புவதற்கு மீதிப் பாதிக் காரணம் இதுதான். ஐந்தாறு அடுக்குக்குப் பிறகு ஒரு பங்கு கருக்கலவைக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து நிறமில்லாமல் ஒரு பூச்சு கொடுத்து, ஒரு இரவு விடுங்கள்.

பதில் 3: நீலக்கோடு

யாரைப் பார்ப்பது என்பதற்கு என் பட்டியல் சின்னது.

முதலில் ஃபோட்டிஸ் கொண்டோக்லு (1895–1965). ஈஜியனின் ஆசியக் கரையில், இன்றைய துருக்கியிலுள்ள ஐவாலிக்கில் பிறந்தவர், போரில் கிரேக்கம் தோற்று அங்கிருந்த கிரேக்கர்கள் துரத்தப்பட்ட 1922 பேரழிவில் அகதியாகக் கிரேக்கம் வந்தவர். இருபதாம் நூற்றாண்டில் பைசாந்திய முறையைத் திரும்ப நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் இவர் பெயர்தான் முன்னால் வரும். கடல், கடற்கொள்ளையர், தீவு இதெல்லாம் அவர் எழுத்து முழுக்க உண்டு. அவரிடம் பயின்ற யான்னிஸ் சாரூஹிஸ் (1910–1989) பிரேயஸ் துறைமுகத்துக்காரர், மாலுமிகளை வரைந்தவர். புனிதர்களுக்குரிய முன்னோக்கிய நிலையையும் தட்டையான பின்னணியையும் சாதாரண மனிதர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்பதற்கு அவரைப் பாருங்கள்.

ஸ்பைரோஸ் பப்பலூகாஸ் (1892–1957) உங்கள் படத்துக்கு இன்னும் நெருக்கம். பாரிஸில் படித்துவிட்டு 1923–24-ல் ஆதோஸ் மலையில் தங்கி, ஒருபக்கம் மடாலயச் சுவரோவியங்களைப் பிரதியெடுத்தார், இன்னொருபக்கம் அங்குள்ள நிலத்தையும் கடலையும் வரைந்தார். பிறகு அம்ஃபீசா பேராலயத்தின் சுவர்கள். இயற்கைக்காட்சியில் பொருள்களை வண்ணத் திட்டுகளாகச் சுருக்குவது எப்படி என்று அவரிடம் தெரியும். ஹைட்ரா தீவில் பிறந்த பனயோட்டிஸ் டெட்சிஸ் (1925–2016) திருவுருவ ஓவியர் அல்லர். ஆனால் ஈஜியன் வெளிச்சத்தில் நீலம் எவ்வளவு கனமாக நிற்கும் என்பதை அவர் அளவுக்குக் காட்டியவர்கள் குறைவு. இன்று பணி செய்பவர்களில் யோர்கோஸ் கோர்டிஸ். ஏதென்ஸ் பல்கலைக்கழக இறையியல் துறையில் திருவுருவ ஓவியம் கற்பித்தவர். பைசாந்தியப் படத்தில் கோடு எப்படித் தாளமாக இயங்குகிறது என்று அவர் விளக்குவது வரைபவருக்கு நேரடியாக உதவும்.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன் ஒரு படத்தைப் பாருங்கள்: ஏதென்ஸ் அருகிலுள்ள டாஃப்னி மடாலயத்தின் ஞானஸ்நான மொசைக், 11-ம் நூற்றாண்டின் கடைசி. கிறிஸ்துவின் உடல் தண்ணீருக்குள் நிற்கிறது, உடல் மேலேயே நீர்க்கோடுகள் ஓடுகின்றன. தண்ணீர் ஒரு நிறமாக இல்லை, கோட்டு வரிசையாக இருக்கிறது. உங்கள் சிக்கலின் மூலம் இதுதான் என்று நினைக்கிறேன். நீலத்தை ஒரே சீராக நிரப்பப் பார்க்கிறீர்கள். அந்த முறையில் அப்படி நிரப்புவதே இல்லை.

திருவுருவ முகம் எப்படி எழும்புகிறதோ அப்படியே கடலும் எழும்ப வேண்டும். முதலில் ப்ரோப்லாஸ்மோஸ் என்கிற இருண்ட அடித்தளம். கடலுக்கு அல்ட்ராமரின், கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் பச்சை அம்பர். காய்ந்தால் கிட்டத்தட்ட மை நிறம். அதன் மேல் கோபால்ட் நீலமும் சிறிது வெள்ளையும் கலந்து அலை வரிகள், பரப்பில் பாதியை மட்டும். அதன் மேல் இன்னும் வெளுத்த வரி, கால்வாசியை மட்டும். கடைசியில் 1 எண் தூரிகையால் ஏறக்குறைய வெள்ளைக் கோடு, அலையின் முதுகில் மட்டும். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் குறைந்த இடத்தைத்தான் பிடிக்க வேண்டும். மூன்றாவது படியில் கை தாராளமானால் கடல் சுண்ணாம்புத் தண்ணீராகிவிடும், இருளுக்குத் திரும்புவது கடினம். டைட்டானியம் வெள்ளை போதும், ஆனால் அது மிக அழுத்தமாக மூடும், பழைய ஈயவெள்ளைக்குச் சொன்ன அளவில் பாதி எடுங்கள்.

தூரத்து அலைகளைச் சிறியதாக்கி, வெளிறச் செய்யாதீர்கள். அது வேறு ஓவியமுறை. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமிக் காற்றில் ஈஜியனில் மூடாப்பே இருக்காது, தூரமும் பக்கமும் ஒரே கூர்மையில் தெரியும். தங்கம் எங்கே தொடங்குகிறதோ அங்கே கடல் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கட்டும்.

பதில் 4: போல்_மண்

தங்கத்துக்கு வருகிறேன். வரிசை முக்கியம்: கெஸ்ஸோ, பின் கோட்டுருவம், பின் தங்கம், கடைசியில்தான் நிறம். கடலும் தங்கமும் சந்திக்கிற கோட்டை ஊசிமுனையால் மக்கில் கீறிவையுங்கள். ரேக்கு ஒட்டியபின்னும் அந்தக் கீறல் தெரியும்.

ஓரம் உரிவதற்கு என் ஊகம்: மிக்‌ஷனுக்குக் கீழே தளம் அடைக்கப்படவில்லை. எண்ணெய் சில இடத்தில் உள்ளே இறங்கிவிடும், அங்கே ரேக்குக்குப் பிடிப்பு இருக்காது. ஓரத்தில் மக்கு மெலிந்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். அரக்கு வார்னிஷ் மூன்று மெல்லிய பூச்சு கொடுத்து, மறுநாள் 1000 எண் தாளால் லேசாகத் தடவி, பிறகு மிக்‌ஷனை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெலிதாக இழுங்கள். விரல் முட்டியால் தொட்டு எடுக்கும்போது ஒரு சின்ன 'டிக்' ஓசை வரணும், விரலில் எதுவும் ஒட்டக் கூடாது. மூன்று மணி நேரம் என்று குப்பியில் போட்டிருப்பதை நம்பாமல் இந்தச் சோதனையை நம்புங்கள். தடித்துப் பூசினால் மேலே தோல் கட்டி, அடியில் ஈரமாகவே இருக்கும், தங்கம் பிறகு சுருங்கும்.

உங்கள் ஊர் ஈரத்துக்கு நான் நீர்முறைத் தங்கப்பூச்சையே சொல்வேன். போல் என்கிற செங்களிமண்ணை மக்கிலிருந்ததைவிட நீர்த்த பசையில் கரைத்து ஐந்து பூச்சு, காய்ந்ததும் துணியால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். இரண்டு பங்கு தண்ணீர், ஒரு பங்கு ஆல்கஹால், சில துளி பசை கலந்து ஓரிடத்தை நனைத்து, உடனே ரேக்கை இறக்குங்கள். வறண்ட ஊரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் அகேட் கல்லால் மெருகேற்றலாம், உங்களுக்கு ஓர் இரவு ஆகலாம். கல்லால் மெல்லத் தட்டிப் பாருங்கள்: மந்தமான ஓசை என்றால் ஈரம், கணீரென்றால் தயார்.

மேல்பாதி 1200 சதுர செ.மீ. 8 செ.மீ. சதுர ரேக்கு, அரை செ.மீ. மேல்படிவு என்றால் 22 தாள் வேண்டும், ஒட்டுப்போட இன்னும் சில. 25 தாள் புத்தகம் ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். 23 காரட்டுக்குக் குறைய வேண்டாம். பித்தளை ரேக்கு கடற்காற்றில் பச்சையாகும். தஞ்சாவூர்ப் படத்துக்கு விற்கிற ரேக்கு கத்தரியால் வெட்டுகிற அளவு கனம், போலின் மேல் மெருகேற்றும் வேலைக்கு ஆகாது.

அலைவரி

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்ரிலிக்கை ஒதுக்கிவிட்டு முயல்தோல் பசைக்கே போகிறேன். வார்னிஷ் பற்றி ஒரே ஒரு சந்தேகம்: ரஷ்ய ஓவியர்கள்போல் ஒலிஃபா ஊற்றலாமா?

பதில் 2: கரு_வினிகர்

இந்தப் படத்துக்கு வேண்டாம். ஒலிஃபா காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்தான், நாளாக நாளாக மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் கடல் பச்சையாகிவிடும். பழைய திருவுருவங்களைச் சுத்தம் செய்யும்போது பழுப்புக்கும் பச்சைக்கும் அடியிலிருந்து பளிச்சென்ற நீலம் வெளிவருவது இதனால்தான்.

ஆறு மாதமாவது காத்திருந்து, மஞ்சளாகாத செயற்கை ரெசின் வார்னிஷைத் தெளிப்பானில் மெலிதாக இரண்டு தடவை அடியுங்கள். நீர்முறையில் மெருகேற்றிய தங்கத்தை மறைத்துவிட்டு அடியுங்கள், வார்னிஷ் பட்டால் அந்தப் பளபளப்பு மங்கும். வார்னிஷுக்குப் பின் அல்ட்ராமரின் நன்றாக இருளும், வெள்ளைக் கோடு அவ்வளவு இருளாது, அதனால் மாறுபாடு கூடும். சோதனைப் பலகையில் நான்கு படி நீலத்தையும் பட்டைகளாகப் பூசி, பாதிக்கு மட்டும் வார்னிஷ் அடித்துப் பார்த்துவிட்டு, அடித்தளத்தில் கறுப்பைக் குறைப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

பதில் 1: சுண்ணமும்_பசையும்

ஒன்று விட்டுப்போனது. முயல்தோல் பசையும் முட்டையும் பூஞ்சைக்கு நல்ல தீனி. சுவரில் மாட்டும்போது நான்கு மூலையிலும் ஒரு செ.மீ. தக்கை வைத்துப் பின்னால் காற்றோட விடுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மாட்ட வேண்டாம்.