எங்கள் தெரு நடைபாதை: ஒரு கட்டைப்பை இன்னும் என் பீரோவில் இருக்கிறது

வண்ணை வாசி

எட்டு மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கம் ஃபிளாட் வாங்கிக் குடிவந்தவர்கள் நிறையப் பேர், அதில் நாங்களும் உண்டு. நடைபாதைக் குடும்பங்கள் எப்படி இருப்பார்கள் என்று சென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கேட்டுக்கு எதிரே பதினோரு குடும்பங்கள்.

மாமனார் ஒரு சாயங்காலம் நடைபாதையில் இடமில்லாமல் ரோட்டில் இறங்கி நடந்தார். ஷேர் ஆட்டோ இடித்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கு அப்புறம்தான் அந்தக் குடும்பங்களை அகற்றச் சொல்லி ஃபிளாட் சங்கத்தில் மனு எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அது பொய்யான மனு இல்லை. ராத்திரி குடித்துவிட்டுச் சண்டை, குழந்தைகள் சாக்கடை ஓரம் உட்காருவது, எல்லாமே நடந்தவை.

மனு கொடுத்து மூன்று வாரம் இருக்கும். எதிரே இருந்த பூக்காரம்மா காலை ஆறரைக்கு கேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். என் பெண்ணுக்கு தினமும் ஒரு முழம் கொடுப்பவர். கையில் பூ இல்லை, துணிக்கடைக் கட்டைப்பை ஒன்று இருந்தது.

"அக்கா, லாரி வருதாம். வந்தா எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்கினு போய்டுவாங்க. போன தபா பாப்பா மார்க் ஷீட்டு போய்ட்டு, நாயா அலைஞ்சு வாங்கினேன். இத்த ரெண்டு நாளு உன் வூட்ல வச்சுக்க."

பையின் இரண்டு கைப்பிடியையும் சேர்த்து வாழைநாரால் கட்டியிருந்தார், பூச்சரத்துக்குப் போடும் அதே முடிச்சு. நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோரு மணிக்கு லாரி வந்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

அவர் திரும்பி வரவேயில்லை. ஒரே ஒரு தடவை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். ரேஷன் கார்டு, நாலு ஆதார், பாப்பாவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. நான் கையெழுத்துப் போட்டவள் என்று தெரியாமல் கொடுத்தாரா, தெரிந்தே கொடுத்தாரா? இதுதான் என்னைத் தூங்க விடுவதில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பிராட்வே பையன்

நடைபாதைக் குடும்பங்கள் எப்படி இருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை என்கிறீர்கள். விளக்கத்தான் வேண்டும் அக்கா. நான் அங்கே பிறந்தவன்.

எங்கள் ஆயா கொத்தவால் சாவடியில் காய்கறி மூட்டை இறக்க வந்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு வேலை. அந்த நேரத்துக்கு வருவதற்கு எந்த ஊரில் வீடு எடுப்பது? சாவடிக்குப் பக்கத்திலேயே படுத்தார். 1996இல் மார்க்கெட்டைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். வேலை போனது, நாங்கள் அங்கேயே இருந்தோம். மூன்று தலைமுறை. ஆயாவிடம் வாக்காளர் அட்டை உண்டு, அதில் விலாசமும் உண்டு.

என் மனதில் நிற்பது ஒரு ராத்திரி. எனக்குப் பத்து வயது இருக்கும். நாங்கள் படுக்கும் கடைப்படியில் அந்தக் கடைக்காரர் ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வாளித் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார். யாரும் படுக்கக் கூடாது என்பதற்காக. தீபாவளிக்கு எங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பவர் அவர்தான். என் தங்கை எழுந்துபோய்த் தன் பாவாடையால் அந்தப் படியைத் துடைத்தாள். அவர் கையில் காலி வாளியோடு அப்படியே நின்றார். மறுநாளும் ஊற்றினார். அவளும் துடைத்தாள்.

அப்புறம், சாக்கடை ஓரம் உட்காருவது பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்துக் கட்டணக் கழிப்பறையை ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எங்கள் அக்கா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டாள். அதை யாரும் மனுவில் எழுதியதில்லை.

சாந்தோம் மீரா

குடியிருப்பவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. நாங்களும் வரி கட்டுகிறோம், நடக்க ஒரு பாதை கேட்கிறோம். அவ்வளவுதான்.

2023க்கு முன்னால் மெரினா கடற்கரை ஓரத்து லூப் ரோட்டில் மீன் கடைகள் எப்படி இருந்தன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் அழைத்துப்போவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் கார் நகரவில்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. நான் இறங்கிப்போய் முதல் கடையில் இருந்த அம்மாளைப் பார்த்துக் கத்தினேன். ரோடு உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவர் கத்தவில்லை. கத்தியைத் தண்ணீரில் அலசிவிட்டுச் சொன்னார்: "இந்த ரோடு வர்றதுக்கு முன்னாடி இது எங்க வலை காயிற எடம்மா. நீ போறியே, அது எங்க வூட்டு வாசலு." சொல்லிவிட்டுத் தன் கூடையை அவரே இழுத்து ஓரமாகப் போட்டார். எழுந்து நின்று நாலு கடை தள்ளி இருப்பவர்களையும் சத்தம் போட்டு விலகச் சொல்லி என் காருக்கு வழி விட்டார்.

2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, கடைகளை அகற்றினார்கள், மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் அங்கேயே நவீன மீன் அங்காடி திறந்தார்கள். சாலையில் இப்போது நெரிசல் குறைவு, அதில் எனக்கு நிம்மதிதான். அந்த அம்மாளை அங்காடிக்குள் மூன்று முறை தேடினேன். கண்ணில் படவில்லை.

பெரும்பாக்கம் ஏழாவது மாடி

எல்லாரும் லாரி வந்தது வரைக்கும் எழுதுகிறீர்கள். லாரி எங்கே போனது என்று நான் எழுதுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து எங்களை ஊருக்கு வெளியே இந்தப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குக் கொண்டுவந்தார்கள். வீடு கான்கிரீட், கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது. முதல் நாள் என் பெண் கக்கூஸ் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நல்லதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் வேலை செய்த நாலு வீடும் சைதாப்பேட்டையில். அப்போது பஸ் இலவசம் கிடையாது. சம்பளத்தில் பெரும்பங்கு டிக்கெட்டுக்கே போனது. இரண்டு வீட்டை விட்டேன். 2021இல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோது அந்த வீடுகளில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

மாமனார் இறந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. ஏழாவது மாடி. படி வளைவில் பாடையைத் திருப்ப முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் கட்டி, நாலு பேர் இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து வந்து கும்பிட்டார்கள். மூன்றாவது மாடியில் எனக்கு முன்பின் தெரியாத ஒரு பாட்டி, அவர் தலை சரிந்திருந்ததை நிமிர்த்தி வைத்தார்.

எங்களைப் போலக் கொண்டுவந்து குடியமர்த்திய கண்ணகி நகரில் சுவர் முழுக்கப் பெரிய பெரிய படம் வரைந்திருக்கிறார்கள், 2020லிருந்து வெளியூர் ஆட்கள் வந்து போட்டோ எடுக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தம்பி வேலைக்கு எழுதும்போது பெரும்பாக்கம் விலாசம் போட மாட்டான். மாமா வீட்டு விலாசம்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எங்களுக்குப் பின்னால் வேறு ஊர் ஓரத்திலிருந்து கொண்டுவந்தவர்கள் எங்கள் பிளாக்கில் ஏறியபோது, இவர்கள் வந்துதான் இடமே கெட்டது என்று நானும் பேசியிருக்கிறேன்.

களப்பணி 22 வருடம்

என் அனுபவம் சின்னது. ஒரு ஏ.டி.எம். வாசலில் படுத்திருந்த பெரியவரைக் காப்பகத்துக்கு அழைத்துப்போனேன். மறுநாள் அதே ஏ.டி.எம். வாசலில் இருந்தார். ஏன் என்று கேட்டேன். "எம் பொஞ்சாதிய அங்க சேக்க மாட்டேன்னுட்டாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பல விஷயம் புரிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்பகம் இருக்கிறதே, ஏன் போக மாட்டேன் என்கிறார்கள் என்று அடுக்ககச் சங்கங்களில் கேட்பார்கள். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. ஆனால் பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், மீசை அரும்பிய பையன் இன்னொரு பக்கம் என்றால் எந்தக் குடும்பம் போகும்? சட்டி பானை, தள்ளுவண்டி எங்கே வைப்பார்கள்? மனுவில் 'அகற்றுங்கள்' என்று எழுதுவதை விடுங்கள். 'குடும்பக் காப்பகம் எங்கள் வார்டிலேயே வேண்டும், கழிப்பறையை ராத்திரியும் திறந்து வையுங்கள்' என்று எழுதுங்கள். பிராட்வே பையன் சொன்னது அதுதான்.

மனநலம் பாதித்துத் தெருவில் அலைகிறவர்கள் வேறு விஷயம். 2017 மனநலச் சட்டத்தின் நூறாவது பிரிவில் அவர்களைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ மனைக்குக் கொண்டுபோவது போலீசின் கடமை என்றே இருக்கிறது. சென்னையில் 2021லிருந்து தெருவில் ஆதரவில்லாமல் இருப்பவர்களை மீட்கும் போலீசின் 'காவல் கரங்கள்' இருக்கிறது, கூப்பிடுங்கள். தெருவியாபாரிகள் என்றால் 2014 சட்டம். அதன்படி தெருக்கடை விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் பத்தில் நாலு பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். உங்கள் பகுதிக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா?

இப்போது வண்ணை வாசிக்கு. பையை இனி ஒரு நாள் கூட வைத்திருக்காதீர்கள். வீடு ஒதுக்கக் கூப்பிட்டால் முதலில் கேட்பது ஆதார்தான். ரேஷன் கைரேகையிலேயே வாங்கிவிடலாம், 2020 அக்டோபரிலிருந்து எந்தக் கடையிலும் வாங்கலாம், ஆகவே பழைய கடையில் விசாரித்தால் கிடைப்பார்கள் என்று எண்ண வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருக்கிறது என்றால் பெண் பதினொன்றிலோ பன்னிரண்டிலோ இருப்பாள். இந்தக் குடும்பங்கள் எங்கே தள்ளப்பட்டாலும் பொதுத்தேர்வு முடியும்வரை பெண் பிள்ளையின் பள்ளியை மாற்ற மாட்டார்கள். இரண்டு பஸ் மாறியாவது அனுப்புவார்கள். சாயங்காலம் கேட்டில் நில்லுங்கள்.

பிராட்வே பையன்

ஐயா சொன்னது எல்லாம் சரி. ஒன்றுதான், "இந்தக் குடும்பங்கள்" என்று ஏன் பேசுகிறீர்கள்? எந்தக் குடும்பம்தான் பொதுத்தேர்வு நேரத்தில் பெண்ணின் பள்ளியை மாற்றும்?

செங்குன்றம் பஸ்

எங்களை யாரும் லாரியில் ஏற்றவில்லை, அதனால் எங்கள் கதையை யாரும் கேட்பதும் இல்லை. வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம், ஆறு வீட்டுக்கு ஒரு அடிபம்பு, முப்பத்தொரு வருடம். வாடகை ஆறாயிரம். வீட்டுக்காரர் நல்லவர், பிள்ளைகள் விற்கச் சொன்னார்கள், விற்றுவிட்டார்.

மொட்டை மாடியில் அம்மா வடகம் காயவைத்திருந்தார். பில்டரின் ஆள் டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான், சின்னப் பையன்தான். "பாட்டி, இந்தத் துணிய கொஞ்சம் நவுத்துங்க, அளக்கணும்." அம்மா பாதி காய்ந்த வடகத்தைத் துணியோடு சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, அவன் அளந்து முடிக்கும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார். இப்போது அந்தத் தெருவில் ஒரு படுக்கையறை வீட்டுக்குப் பதினான்காயிரம் கேட்கிறார்கள். நாங்கள் செங்குன்றத்தில் இருக்கிறோம். அம்மா இங்கே வந்து வடகம் போடவில்லை.

வண்ணை வாசி

போனேன். களப்பணி ஐயா சொன்னபடி பள்ளி கேட்டில் மூன்று சாயங்காலம் நின்றேன். மூன்றாம் நாள் பாப்பா வந்தாள். உயரமாகிவிட்டாள். மாதவரம் தாண்டி எங்கேயோ இருக்கிறார்களாம், அம்மா பூ கட்டுவதில்லை, ஒரு குடோனில் பெருக்குகிறாராம்.

அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து பையைப் பிரித்தாள். ஒவ்வொரு காகிதமாக எடுத்துப் பார்த்து மடியில் அடுக்கினாள். கடைசியில் பையைக் கவிழ்த்து உதறினாள்.

"அப்பா போட்டோ ஒண்ணு இருந்துச்சே ஆன்ட்டி?"

இல்லையம்மா, நான் பார்த்தபோதே இல்லை என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்போது கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டது அம்மாவுக்குத் தெரியுமா என்று.

"தெரியுமே. கையெழுத்துப் போட்ட வூட்ல வச்சாதான் யாரும் தொட மாட்டாங்க, பத்திரமா இருக்கும்னு அம்மாதான் சொல்லிச்சு."

பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பீரோவின் அடித்தட்டு முழுவதையும் காலி செய்து பார்த்தேன். வாழைநார்தான் கிடந்தது, போட்டோ இல்லை. நாளைக்குப் பரணில் பார்க்க வேண்டும்.